கத்திக்குக் கூர் எங்கிருந்து வருகிறது?

தெருவில் சாணை பிடிப்பவர் வரும்போது நின்று பார்த்திருக்கிறீர்களா? மிதிவண்டியை நிறுத்தி வைத்து மிதிகட்டையை அழுத்துவார். சிறிய சாணைச் சக்கரம் விர்ரென்று சுழலும். அரிவாள்மணையையோ கத்தரிக்கோலையோ அதன்மேல் வைத்ததும் மத்தாப்புப் போலப் பொறிகள் பறக்கும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

ஆனால், மரத்தில் உருவம் செதுக்குகிறவர்கள் தங்கள் சிறு கத்தியை அந்தச் சக்கரத்திடம் எளிதில் ஒப்படைப்பதில்லை. தட்டையான ஒரு கல்லை முன்னால் வைத்து, நீரோ எண்ணெயோ விட்டு, பொறுமையாகத் தீட்டுவார்கள். பொறி இல்லை, ஓசையும் மிகக் குறைவு. அப்படித் தீட்டிய கத்தி, கல்யாண முருங்கைக் கட்டையில் வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்கும்.

அந்தக் கல் கத்திக்கு என்ன செய்கிறது? கல் கூரைக் கொடுக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் கல் எதையும் கொடுப்பதில்லை. எடுக்க மட்டுமே செய்கிறது. எடுப்பதால் எப்படிக் கூர் வரும்? இதைப் புரிந்துகொண்டால் எந்தக் கத்தியையும் நீங்களே தீட்டிவிடலாம்.

கோடும் விளிம்பும்

வடிவக் கணித வகுப்பில் இரு தளங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஒரு நேர்கோடு என்று படித்திருப்பீர்கள். கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. கத்தியும் அப்படித்தான். அதன் இரு பக்கங்களிலும் இரண்டு சரிவுகள் இருக்கின்றன. அவை சந்திக்கும் கோடே கத்தியின் வாய். சரிவுகள் உண்மையாகவே சந்தித்துவிட்டால் கத்தி கூர்மையானது. சந்திக்க வேண்டிய இடத்தில் சிறிது உருண்டு போயிருந்தால் அது மழுங்கிய கத்தி.

நடைமுறையில் அகலமே இல்லாத விளிம்பை யாராலும் செய்ய முடியாது. நன்கு தீட்டிய கத்தியின் வாய் அகலம் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அல்லது அதற்கும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைவில் கொண்டால் இதன் நுண்மை விளங்கும்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். கத்தி வாயின் 20 மி.மீ. நீளம் மரத்தில் படுகிறது. நாம் 10 நியூட்டன் விசையுடன் அழுத்துகிறோம். இது ஒரு கிலோ எடைக்கல்லைத் தாங்கும் விசை அளவு. வாயின் அகலம் ஒரு மைக்ரான் என்றால் தொடும் பரப்பு 0.02 சதுர மி.மீ. ஆகவே அழுத்தம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன். அதே கத்தி மழுங்கி, வாய் 20 மைக்ரான் அகலமாகிவிட்டால் பரப்பு 0.4 சதுர மி.மீ.; அழுத்தம் வெறும் 25 நியூட்டன். பழைய அழுத்தத்தைப் பெற வேண்டுமானால் நீங்கள் 20 மடங்கு விசையுடன் அழுத்த வேண்டும்! மரத்திற்குள் நுழைந்தபின் சரிவுகளின் உராய்வும் சேர்ந்துகொள்வதால் உண்மைக் கணக்கு இவ்வளவு எளிதன்று. ஆனாலும் எந்தத் திசையில் போகிறது என்பதை இது காட்டிவிடும்.

இங்குதான் ஆபத்து இருக்கிறது. கூரான கத்தி கையை வெட்டிவிடும் என்று பெரியவர்கள் அஞ்சுவார்கள். மரம் செதுக்குவதைப் பொறுத்தவரை மழுங்கிய கத்தியே அதிகம் வெட்டுகிறது. கூரான கத்தி சிறு விசையில் மெல்ல நகரும். நினைத்த இடத்தில் அதை நிறுத்தலாம். மழுங்கியதை முழு பலத்துடன் தள்ள வேண்டியிருக்கிறது. திடீரென்று அது மரத்திலிருந்து வழுக்கினால் அந்தப் பலம் முழுவதும் எங்கே போகும்? மரத்தைப் பிடித்திருக்கும் இடக்கைக்குத்தான். என் இடக்கைக் கட்டைவிரலின் அடியில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் படகு செதுக்கப் போய் வாங்கிக்கொண்டது. கத்தி மழுங்கியிருந்தது.

மென்மையான மரம் எஃகை எப்படித் தேய்க்கிறது?

எஃகைவிட மரம் பல மடங்கு மென்மையானது. பிறகு ஏன் கத்தி மழுங்குகிறது? நியாயமான கேள்விதான். இதே கேள்வியை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் சவர அலகைப் பற்றிக் கேட்டார்கள். முடி, அலகின் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆயினும் சில நாள் சவரத்தில் அலகு கெட்டுவிடுகிறது. அவர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிப் பார்த்து, 2020-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அலகு மெல்ல மெல்லத் தேய்ந்து உருளுவது மட்டுமே காரணம் அன்று. அதன் விளிம்பிலிருந்து நுண்ணிய சில்லுகள் பெயர்ந்து விடுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். முடி நேராக நிற்காமல் வளைந்து சாய்வாக விளிம்பைத் தாக்கும்போதும், எஃகின் உள்ளமைப்பு ஓரிடத்துக்கு ஓரிடம் வேறுபடும் இடங்களிலும் இது நேர்கிறதாம்.

மரம் செதுக்குகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கத்தியை மரத்தில் செலுத்திவிட்டு, சிம்பைப் பெயர்ப்பதற்காகப் பக்கவாட்டில் நெம்பக் கூடாது. விளிம்பு தன் நேர்த்திசையில் வரும் விசையை நன்கு தாங்கும்; பக்கத்திலிருந்து வருவதைத் தாங்காது.

கல்லுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பொருளைத் தேய்க்க அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். மோ என்பவர் வகுத்த கடின அளவுகோலில் வைரத்திற்கு 10, குருந்தத்திற்கு 9, குவார்ட்சுக்கு 7. கடினப்படுத்திய எஃகு 7-ஐ ஒட்டி நிற்கிறது. அம்மிக்கல்லிலும் வாசற்படிக் கல்லிலும் பாட்டிமார் கத்தி தீட்டுவதைப் பார்த்திருக்கலாம். அந்தக் கருங்கல்லில் குவார்ட்சு மணிகள் இருப்பதால்தான் அது வேலை செய்கிறது. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு பூசாத ஒரு வளையம் சொரசொரப்பாக இருக்கும். அதிலும் ஓரளவு தீட்டலாம். ஆனால் இவை எல்லாம் அவசரத்துக்கு உதவுபவையே.

இரும்புக் கடையில் கிடைக்கும் கருநிறக் ‘கார்பரண்டம்’ கல்லின் கதை சுவையானது. 1891-இல் எட்வர்டு அச்சிசன் என்னும் அமெரிக்கர் செயற்கை வைரம் செய்ய முயன்றார். களிமண்ணையும் கல்கரித் தூளையும் கலந்து மின்சாரத்தால் கடுமையாகச் சூடேற்றினார். வைரம் கிடைக்கவில்லை, பளபளக்கும் சிறு படிகங்கள் கிடைத்தன. கார்பனும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று எண்ணி ‘கார்பரண்டம்’ என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. பெயர் தவறு, பொருளோ மிக நல்லது. மோ அளவுகோலில் அதன் இடம் 9-க்கும் 10-க்கும் நடுவே.

கல் என்பது இத்தகைய கடின மணிகளைச் சேர்த்து ஒட்டிய கட்டி. மணி பெரிதாக இருந்தால் விரைவாகத் தேய்க்கும். ஆழமான கீறல் விடும். மணி சிறிதானால் மெல்லத் தேய்க்கும். கீறல் கண்ணுக்கே தெரியாது. கல்லின் மேல் எழுதியிருக்கும் எண் இதைத்தான் குறிக்கிறது. எண் கூடக் கூட மணி சிறியது. பெரிய மணிகளைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். 1000-ஆம் எண்ணை ஒட்டிய கல்லின் மணி ஏறத்தாழ 15 மைக்ரான்தான். அதைச் சலிக்கச் சல்லடை போதாது. நீரில் கலக்கி வைத்தால் பெரியவை முதலில் அடியில் தங்கும், சிறியவை மெல்ல இறங்கும். ஆற்று மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குலுக்கி வைத்து நீங்களே இதைப் பார்க்கலாம்.

கல் உண்மையிலேயே எஃகை எடுக்கிறது என்பதற்குச் சான்று வேண்டுமா? நீர் விட்டுத் தீட்டும்போது கல்லின்மேல் கருப்பாக ஒரு சேறு சேரும். அதைக் காகிதத்தில் வழித்து உலரவிட்டு, காகிதத்தின் அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். தூள் கூடவே நகரும். அது உங்கள் கத்தி! நீர் விடுவதே இந்தத் தூளை மிதக்கவிட்டு அகற்றத்தான். இல்லையேல் தூள் மணிகளின் இடுக்கை அடைத்துக்கொள்ளும். கல் வழவழப்பாகி, தேய்க்கும் தன்மையை இழந்துவிடும். ஒருமுறை எண்ணெய் விட்ட கல்லுக்கு எப்போதும் எண்ணெயே விடுங்கள். எண்ணெய் ஊறிய கல்லில் நீர் ஒட்டாது.

கோணத்தைக் காப்பது எப்படி?

மரம் செதுக்கும் கத்தியில் இரு சரிவுகளுக்கும் இடையே உள்ள கோணம் பொதுவாக 20 முதல் 25 பாகை இருக்கும். குறைவான கோணம் எளிதில் வெட்டும். ஆனால் விளிம்பு மெலிந்து உடையும். கோடரிக்கு அதைவிட அதிகக் கோணம் வேண்டும் என்பது இதனால்தான்.

உங்கள் கத்திக்கு ஒரு பக்கம் 12 பாகை என்று கொள்வோம். முதுகிலிருந்து வாய் வரை அகலம் 15 மி.மீ. எனில், கத்தி முதுகைக் கல்லிலிருந்து எவ்வளவு உயர்த்த வேண்டும்? சைன் 12 பாகையின் மதிப்பு 0.208. இதை 15-ஆல் பெருக்க 3.1 மி.மீ. வருகிறது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறத்தாழ இந்த உயரம். முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் நண்பனிடம் இதைக் காட்டுங்கள்.

இதைவிட எளிய வழியும் உண்டு. வடஐரோப்பிய நாடுகளின் செதுக்குக் கத்திகளில் சரிவு அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். அதை அப்படியே கல்லில் படிய வைத்தால் கோணம் தானே அமைந்துவிடும். இந்த வகைக் கத்தி அங்கே பள்ளிக்கூடத்தோடு தொடர்புடையது. பின்லாந்தில் 1866-இலேயே கைத்தொழில் பள்ளிப் பாடமாக்கப்பட்டது. சுவீடனில் ஓட்டோ சாலமன் என்பவர் நாஸ் என்னும் ஊரில் இதற்கென ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மாணவர் கையில் முதலில் கொடுக்கப்பட்ட கருவி கத்திதான்.

எந்தக் கத்தியானாலும், தள்ளும்போது மணிக்கட்டு அசையக் கூடாது. மணிக்கட்டை இறுக்கி வைத்துக்கொண்டு, தோளிலிருந்து கை முழுவதையும் நகர்த்துங்கள். மணிக்கட்டு ஆடினால் தொட்டிலாட்டம் போல் சரிவு ஏறி இறங்கும்; தளம் தளமாக இராமல் உருண்டுவிடும். இரு தளங்கள் இல்லையேல் சந்திப்பும் இல்லை.

தச்சர் காட்டிய வழி

விரல் வெட்டுப்பட்ட பிறகு நானும் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தேன். அரை மணி நேரம் தீட்டினேன். கத்தி கண்ணாடிபோல் மின்னியது. ஆனால் முன்போலவே வெட்ட மறுத்தது. தெருக்கோடியில் இருந்த தச்சரிடம் கொண்டு போனேன். அவர் ஒன்றும் பேசாமல் சிம்னி விளக்குப் புகையில் கத்தியின் சரிவைக் காட்டிக் கரி படியச் செய்தார். “இப்போ நீ தீட்டுற மாதிரியே நாலு தடவை தீட்டு தம்பி” என்றார். தீட்டினேன். சரிவின் மேற்பகுதியில் கரி அழிந்திருந்தது. வாயை ஒட்டி மட்டும் மெல்லிய கருங்கோடு அப்படியே நின்றது. “பாத்தியா? நீ கத்தியோட தோளைத் தீட்டியிருக்கே. வாயை இன்னும் தொடவே இல்லை.”

அரை மணி நேர உழைப்பும் தவறான இடத்தில்! நான் முதுகைத் தேவையான அளவு உயர்த்தவில்லை. இன்று நீங்கள் கரிக்குப் பதில் மார்க்கர் பேனாவால் சரிவில் மை பூசலாம். நாலைந்து முறை தீட்டிவிட்டுப் பாருங்கள். வாயருகே மை மிச்சமிருந்தால் முதுகை இன்னும் சற்று உயர்த்த வேண்டும். வாயருகில் மட்டும் அழிந்து தோளில் மிச்சமிருந்தால் அதிகம் உயர்த்திவிட்டீர்கள். சரிவு முழுவதும் ஒரே சீராக அழிந்தால் கோணம் சரி.

இனித் தீட்டலாம். வீட்டுப் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லைக் கையில் பிடிக்காதீர்கள். மேசைமேல் ஈரத்துணி விரித்து அதன்மேல் வையுங்கள், வழுக்காது. முதலில் கரடான பக்கம். கல்லின் மேற்பரப்பில் மெல்லிய ஏடு ஒன்றைச் சீவி எடுப்பதுபோல், வாய் முன்னே செல்ல, அடியிலிருந்து நுனிவரை கத்தி முழுவதும் கல்லில் படும்படி தள்ளுங்கள். வளைந்த நுனிப்பகுதி வரும்போது கைப்பிடியைச் சிறிது உயர்த்தினால்தான் அங்கும் சரிவு படியும். இதைப் பலர் மறந்துவிடுவதால் நுனி மட்டும் மழுங்கலாகவே நிற்கும்.

எவ்வளவு நேரம் தீட்டுவது? பத்து முறை, இருபது முறை என்று எண்ணிக்கை சொல்லும் புத்தகங்களை நான் நம்புவதில்லை. கத்தியே சொல்லும். சரிவு தேய்ந்து தேய்ந்து மறுபக்கச் சரிவைச் சந்திக்கும் கணத்தில், விளிம்பிலுள்ள எஃகு தாள்போல் மெலிந்துவிடுகிறது. அதன்பின் கல் அழுத்தும்போது அது தேய்வதற்குப் பதிலாக அப்பால் மடங்கிக்கொள்கிறது. தொழிற்கூடங்களில் இதைப் பிசிறு என்பார்கள். கண்ணுக்கு அரிதாகவே தெரியும். ஆனால் தீட்டாத மறுபக்கத்தில், முதுகிலிருந்து வாயை நோக்கி விரல் நுனியை மென்மையாக வெளிப்புறமாக இழுத்தால் நகம் தட்டுவதுபோல் தடுக்கும். விரலை ஒருபோதும் வாயின் நீளவாக்கில் இழுக்காதீர்கள். அச்சமாக இருந்தால் சிறிது பஞ்சை அதேபோல் இழுத்துப் பாருங்கள், இழை மாட்டிக்கொள்ளும்.

பிசிறு வந்துவிட்டதா? இரு தளங்களும் சந்தித்துவிட்டன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பிசிறு வராமல் நயமான கல்லுக்குப் போனால், என்னைப்போல் மழுங்கிய கத்திக்கு மெருகேற்றிக் கொண்டிருப்பீர்கள். அடியிலிருந்து நுனிவரை எங்கும் பிசிறு தடுக்க வேண்டும். பிறகு கத்தியைத் திருப்பி மறுபக்கமும் அப்படியே. அதன்பின் நயமான பக்கம். இப்போது அழுத்தத்தைக் குறையுங்கள். இங்கு நம் வேலை தேய்ப்பது அன்று. கரடான மணிகள் விட்ட கீறல்களை நீக்குவது. கடைசியில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, கத்தியின் எடை மட்டுமே படும்படி சில முறை தள்ளினால் பிசிறு மிகச் சிறியதாகிவிடும்.

எஞ்சிய பிசிறை நீக்கத் தோல் வேண்டும். முடிதிருத்தும் நிலையங்களில் முன்பெல்லாம் சவரக்கத்தியை ஒரு தோல்வாரில் இப்படியும் அப்படியும் இழுப்பார்கள். அதே முறைதான். பழைய இடுப்பு வார்த் துண்டு ஒன்றைப் பலகையில் ஒட்டி, குரோமியம் ஆக்சைடு என்னும் பச்சை மெருகுக் கட்டியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். இங்கே வாய் முன்னே செல்லக் கூடாது. முதுகு முன்னே செல்ல, வாய் பின்தொடர வேண்டும். இல்லையேல் கத்தி தோலையே அறுத்துவிடும். முடிவில் முதுகைத் தூக்கித் திருப்பாதீர்கள். தோல் மெத்தென்று இருப்பதால் அப்போது வாய் உருண்டுவிடும்.

சமையற்கத்திக்கு இவ்வளவு மெருகு வேண்டியதில்லை. தக்காளித் தோலை அறுக்க விளிம்பில் நுண்ணிய பற்கள் இருப்பது நல்லதே. மரச்சிற்பம் அப்படியன்று, விளிம்பில் உள்ள ஒவ்வொரு கீறலும் மரத்தில் தன் படியை விட்டுச் செல்லும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்கள் உளியால் செதுக்கப்படுபவை. உளிக்கும் இதே விதிதான்.

சக்கரம் ஏன் வேண்டாம்?

தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வருவோம். எஃகைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரச் செய்தால் அது மிகக் கடினமாகும். கூடவே கண்ணாடிபோல் நொறுங்கும். எனவே மீண்டும் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிப் பதம் செய்வார்கள். கத்தியின் உயிர் இந்தப் பதத்தில் இருக்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் உராய்வு வெப்பம் மிகுதி. வாயோ மிக மெல்லியது. வெப்பத்தைக் கடத்தி விடுவதற்கு அதன் பின்னால் போதிய எஃகு இல்லை. கண் இமைப்பதற்குள் அது 300 டிகிரியைத் தொட்டுவிடக்கூடும். அப்போது விளிம்பில் நீலநிறம் ஓடும். நீர்மேல் எண்ணெய்ப் படலம் நிறம் காட்டுவதுபோல், எஃகின்மேல் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலம் காட்டும் நிறம் அது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நீலம் ஓடிய இடத்தில் பதம் போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிலைக்காது. கையால், நீர்விட்டுத் தீட்டும்போது கத்தி சூடாவதே இல்லை.

தீட்டியாயிற்று, சரிபார்க்க வேண்டாமா? வாயை மேல்நோக்கிப் பிடித்து விளக்கொளியில் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாகவோ புள்ளியாகவோ மின்னும். கூரான வாய் ஒளியைத் திருப்பாது, கண்ணுக்குத் தெரியாது. பிறகு மென்மையான கட்டை ஒன்றை நாருக்குக் குறுக்கே சீவுங்கள். வெட்டிய முகம் வழவழவென்று பளபளத்தால் சரி. அதில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடினால், கத்தியில் அதே இடத்தில் ஒரு சிறு பிளவு இருக்கிறது. மீண்டும் கல்லுக்குப் போக வேண்டும். கோடுகள் இல்லையேல் செதுக்கத் தொடங்கலாம். அரை மணிக்கு ஒருமுறை தோலில் பத்து இழுப்பு இழுத்துக்கொண்டால் பல நாள் கல்லைத் தேட வேண்டியிராது. வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி தடவி, உறையில் போட்டு வையுங்கள். துருவும் கூரைத் தின்றுவிடும்.